அமுலு பார்க்காத படம்

ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றுக்கரையில் வெள்ளக்கல்மேடு என்றொரு ஊர் உண்டு. அந்த ஊரிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில் நாற்பது பெண்கள் ஏறினார்கள், நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு படம் பார்த்தார்கள், ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. அவள் பெயர் அமுலு. முப்பது வயது, கல்யாணமாகவில்லை. வீட்டில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அம்மா படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பது அமுலுவுக்கு அம்மாவைக் குளிப்பாட்டி, படுக்கைத் துணிகளைத் துவைத்து, ஒரு வாரத்துக்கான மாவை அரைத்து எடுத்து வைக்கிற நாள்.

திங்கட்கிழமை பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் மார்க் போடுவது ஆரம்பமாகும். யார் யார் என்ன படம் பார்த்தார்கள், தியேட்டரிலா போனிலா, அழுதார்களா தூங்கினார்களா, பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். கம்பெனியில் தைத்து வந்த ஷூக்களைத் திருப்பிப் பார்த்து ஒரு தையல் பிசகினாலும் ஒதுக்கித் தள்ளுகிற செக்கிங் வேலை நஸ்ரீனுக்கு; படங்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள், ஏழுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற ரூத், அழ வைத்த படம் எதுவாக இருந்தாலும் பத்து போட்டுவிடுவாள். டிரைவர் கஜபதி கண்ணாடியில் இவர்களைப் பார்த்துக்கொண்டே, சண்டை சரியில்லை, ஐந்துதான் தேறும் என்பார். கதாநாயகி புடவையைப் பற்றிப் பேச்சு வரும், வில்லனுடைய வீட்டைப் பற்றி வரும், கடைசிக் காட்சி அப்படி முடிந்திருக்கக் கூடாது என்று ஒரு கோஷ்டி சொல்லும், அப்படித்தான் முடியும் என்று இன்னொரு கோஷ்டி சொல்லும், கம்பெனி கேட் வரும்வரை ஓயாது. அமுலு கடைசி சீட்டில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ரூத் வாராவாரம் மறக்காமல் திரும்பி, நீ ஒன்றும் பார்க்கவில்லையா அமுலு என்று கேட்பாள், அமுலு இல்லை என்று தலையாட்டுவாள். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, ஜன்னல்களை எல்லாம் சாத்தும்படி மழை பெய்தபோது, ரூத் வழக்கம்போலத் திரும்பிக் கேட்டாள். அமுலு தலையாட்டப் போனாள். ஆனால் வாய் பார்த்தேன் என்று சொல்லிவிட்டது.

முப்பத்தொன்பது பேரும் திரும்பினார்கள். இன்னா படம் என்று நஸ்ரீன் கேட்டாள். அமுலுவுக்கு வாசலில் மழை அடித்து நனைந்து கிடந்த தன் வீட்டு நிலைப்படிதான் ஞாபகம் வந்தது. 'நனைஞ்ச நிலைப்படி' என்றாள். அப்படி ஒரு படமா, பேரே ஒரு மாதிரி இருக்கிறதே, கதை சொல் என்றார்கள். சொன்னாள்.

ஒரு ஊரில் ஒரு அக்கா தங்கை, அப்பா இல்லை, அக்கா வேலைக்குப் போய் தங்கையைப் படிக்க வைக்கிறாள், தங்கைக்கு ஒரு நல்ல இடம் அமைகிறது, நிச்சயம் செய்கிற அன்று காலையில், பந்தலில் வாழை கட்டிக்கொண்டிருக்கும்போது, அக்கா ஒருத்தனோடு ஓடிப்போகிறாள். ஏன் ஓடினாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய கொழுப்பு, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு திரும்பிப் போகிறார்கள், தங்கையின் வாழ்க்கை அந்தப் பந்தலோடு நின்றுவிடுகிறது. இரண்டு வருஷம் கழித்து மழை கொட்டுகிற ஒரு மத்தியானம், அவன் கைவிட்டு, எல்லாம் போய், அக்கா திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். தங்கை திறக்கிறாள். அக்கா நனைந்துகொண்டு நிலைப்படியில் நிற்கிறாள். தங்கை அவள் முகத்தைப் பார்க்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிடுகிறாள். அக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தெருவைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, இரு கரையும் புரண்டு ஓடுகிற பாலாற்றில் இறங்கி நடந்து போகிறாள். இடுப்பு மறைகிறது, தோள் மறைகிறது, அதற்கப்புறம் ஆறுதான் இருக்கிறது.

அமுலு இதைச் சொல்லி முடிக்க இருபத்தைந்து நிமிஷமானது. கஜபதி பஸ்ஸை ஓரமாக, மெதுவாக ஓட்டினார். கம்பெனி கேட் வந்தும் யாரும் இறங்கவில்லை. ரூத் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஏழுக்கு மேல் போடாத நஸ்ரீன், பார்க்காமலே ஒன்பது போடலாம் போலிருக்கிறது என்றாள். மறுநாள் காலையில் ரூத் தனக்கும் நஸ்ரீனுக்கும் நடுவில் இடம் ஒதுக்கி வைத்து அமுலுவை முன்னால் கூப்பிட்டுக்கொண்டாள். அமுலு அன்றைக்கு இருந்தது போல அதற்கு முன்னால் சந்தோஷமாக இருந்து வெகு காலம் ஆகியிருந்தது.

புதன்கிழமை நஸ்ரீன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

கொழுந்தனுடைய போனில் பார்த்தாளாம். அமுலு சொன்னதெல்லாம் சரி, ஆனால் சொல்லாமல் விட்டதும் நிறைய இருந்தது என்றாள். நிச்சயத்தன்று தங்கைக்குக் கட்டியிருந்த புடவை மயில் கழுத்து நிறம், அதில் பார்டர் கொஞ்சம் சாயம் இறங்கியிருந்தது, அவ்வளவு ஏழைப்பட்ட வீடு என்று அதிலேயே காட்டிவிட்டார்கள். இடைவேளை சரியாகப் பந்தலைப் பிரிக்கிற இடத்தில் வருகிறது. பாட்டு இரண்டுதான், இரண்டும் நன்றாக இருக்கிறது. அமுலு அவள் முகத்தையே பார்த்தாள். நஸ்ரீன் பொய் சொல்கிறவளில்லை. தன்னுடைய நிச்சயப் புடவை மயில் கழுத்து நிறம் என்பதோ, அதன் பார்டரில் சாயம் இறங்கியிருந்தது என்பதோ இந்த பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதினாலு பேர் பார்த்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை எல்லாரும் அந்த ஒரு படத்துக்கே மார்க் போட்டார்கள்.

அதற்கப்புறம் அது பஜார் தியேட்டருக்கு வந்தது, தண்ணீர் டேங்க் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள், ஷேர் ஆட்டோக்களில் அந்த இரண்டு பாட்டும் ஓடின, அம்மன் கோயில் வெள்ளிக்கிழமை பூஜைக்குக்கூட ஒலிபெருக்கியில் போட்டார்கள். யார் எடுத்த படம், அக்காவாக நடித்தவள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. புதுமுகம் என்றார்கள். சலூனில், ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் பத்துக்கு எத்தனை என்ற பேச்சு வந்தது; எட்டுக்குக் கீழே போட்டவனைக் கல் நெஞ்சுக்காரன் என்று பார்த்தார்கள். பாலாற்றில் ஆள் நனைகிற அளவு தண்ணீர் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது, படத்தில் மட்டும் இரு கரையும் தொட்டு ஓடியது. அது எந்த வெள்ளத்தில் எடுத்தது என்று பேசிப் பேசி, கடைசியில் ஊரில் பாதிப் பேருக்கு ஷூட்டிங் நடந்ததே ஞாபகம் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் யூனிட்டுக்கு டீ கொடுத்ததாகச் சொன்னார். மேட்டுத் தெருவில் ஒருத்தி, தன் வீட்டுக் குடத்தைத்தான் மூன்றாவது சீனில் வைத்திருக்கிறார்கள் என்று குடத்தைக் காட்டினாள். அக்கா இறங்கின இடம் இதுதான் என்று மணலில் ஒரு இடத்தைக் குறித்து, வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் மஞ்சளும் கண்ணாடி வளையலும் வைத்துவிட்டு வந்தார்கள்.

அமுலு அந்தப் படத்தைப் பார்க்கப் போனாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போனாள். விளக்கை அணைத்தார்கள். திரை வெள்ளையாக இருந்தது. வெளிச்சத்தில் தூசி பறந்தது, வேறொன்றுமில்லை. ஆனால் சுற்றிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், ஒரு கிழவர் பந்தல் பிரிக்கிற இடத்தில் அக்காவைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திரையில் ஒன்றும் தெரியாததால் அமுலு திரும்பி ஜனங்களின் முகங்களைப் பார்த்தாள், முகங்களிலிருந்தே கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். கதவு சாத்துகிற இடம் வந்தபோது முந்நூறு பேரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், சரியாகத்தான் செய்தாள், நானாக இருந்தால் செருப்பால் அடித்திருப்பேன் என்றது. அமுலு எழுந்து வெளியே வந்துவிட்டாள். இன்னும் இரண்டு தடவை போனாள், இரண்டு தடவையும் அதே வெள்ளைத் திரைதான்.

நடந்தது என்னவென்றால், அமுலுவுக்கு நிஜமாகவே ஒரு அக்கா இருந்தாள். பூங்காவனம் என்று பெயர், ஏழு வயது மூத்தவள், அதே ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மிஷினில் பத்து வருஷம் உட்கார்ந்தவள். அமுலுவின் நிச்சயத்தன்று காலையில் மிஷின் மெக்கானிக் இருதயராஜோடு அவள் போனது உண்மை. ஊருக்கும் அது தெரியும், அமுலுவின் முன்னால் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இரண்டு வருஷம் கழித்து மழையில் வந்து நின்றதும், அமுலு கதவைச் சாத்தியதும் உண்மை. அவன் கைவிட்டதும் ஆற்றில் இறங்கியதும் அமுலு சேர்த்துக்கொண்டது. அதைவிட, அவள் எடுத்துவிட்டது இரண்டு இருந்தது.

ஒன்று, பூங்காவனத்தை ஒரு நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தபோது அம்மா அவர்களை வாசலிலேயே நிறுத்தி, பெரியவளுக்கு வலிப்பு வரும், எங்கள் பெண்ணை வைத்து உங்களை ஏமாற்ற மனசில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. பூங்காவனத்துக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, அமுலு காலேஜில் படித்தாள். அம்மா அப்படிச் சொன்னபோது அமுலு உள் அறையில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேச்சு பரவி அதற்கப்புறம் பூங்காவனத்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. வலிப்புக்காரி என்றால் வரிசை தவறுவதில் தப்பில்லை என்று சின்னவளுக்கு இடம் பார்த்தார்கள். இரண்டாவது, மழையில் வந்து நின்றபோது பூங்காவனத்தின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை இருந்தது. குழந்தை இருந்தால் கதவைச் சாத்தியவளுக்கு யாரும் ஒன்பது மார்க் போட மாட்டார்கள் என்று அமுலுவுக்குச் சொல்லும்போதே தெரிந்திருந்தது.

கார்த்திகை பிறந்து ஒரு திங்கட்கிழமை, அக்கா செத்ததுதான் சரி, அவள் செய்ததற்கு அது போதாது என்று பஸ்ஸில் பேச்சு வந்தபோது அமுலுவால் பொறுக்க முடியவில்லை. அக்கா போனதற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு ஒரு சீன் வரும் என்றாள். வலிப்பென்று தாய் பொய் சொல்கிற இடத்தையும், தங்கை உள்ளேயிருந்து கேட்கிற இடத்தையும் சொன்னாள். மழை சீனில் இடுப்பில் குழந்தை இருக்கும், நீங்கள் கவனிக்கவில்லை என்றாள்.

அப்படி ஒரு சீன் இல்லையே என்றாள் ரூத், தயங்கித் தயங்கி. மழை சீனில் கையில் ஒரு நனைந்த பைதான் இருக்கும், பையின் காது அறுந்து தொங்கும், மூன்று தடவை பார்த்திருக்கிறேன் என்றார் கஜபதி. நஸ்ரீன் மட்டும் அமுலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ முதல்ல பாத்தவ இல்லியா, நீ பாத்தப்ப இருந்திருக்கும். அப்புறம் வெட்டிட்டிருப்பாங்க" என்றாள். "வெட்டினது நல்லதுதான் அமுலு. அதெல்லாம் இருந்தா யார் மேலயும் கோவப்படவே முடியாது."

அதற்கப்புறம் அமுலு எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியும் படம் மாறவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துவிட்ட ஒன்றை ஒருத்தி வாயால் திருத்த முடியவில்லை.

அம்மாவும் படம் பார்த்தாள். அமுலு வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பக்கத்து வீட்டுப் பெண் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக் காட்டியிருக்கிறாள். சாயங்காலம் அமுலு வந்தபோது அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து அமுலு தலை வாரிவிடும்போது, "அந்தப் படத்துல தாயி ஒருத்தி வர்றா. ஒண்ணுமே பண்ணாதவ மாதிரி மூலையில உக்காந்துகினு இருக்கா" என்றாள். பிறகு, என் பெரிய பெண் நிஜமாகவே செத்துப்போய்விட்டாளா என்று கேட்டாள். அமுலுவுக்கு அதுதான் தெரியவில்லை. தான் வாயால் சொன்னது எல்லாம் நடந்திருக்கிறது. தான் சொல்லாத பார்டர் சாயம்கூட இறங்கியிருக்கிறது. ஆறு மட்டும் ஏன் சும்மா இருக்கும்?

கம்பெனியில் பழைய மெக்கானிக்குகளிடம் விசாரித்து இருதயராஜின் விலாசம் வாங்கினாள். பெங்களூர், கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், லேத் பட்டறைத் தெரு. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலை ரயிலில் போனாள். ஜோலார்பேட்டை தாண்டுகிறவரை எதிர்சீட்டில் ஒரு குடும்பம் அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்தது பூங்காவனம். தலையில் நரை இருந்தது, உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டின பழைய தழும்பு அப்படியே இருந்தது. கையில் மாவு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் அமுலு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூங்காவனம் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, ஆனால் இன்னொரு தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.

சாப்பிட்டு முடிகிறவரை பேச்சு அம்மாவின் உடம்பைப் பற்றி மட்டும் இருந்தது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூட நோட்டோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு விளையாடப் போனாள். அமுலு அந்தப் பெண்ணைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். கடைசியில் பூங்காவனமே எடுத்தாள். அந்தப் படம் இந்தத் தெருவுக்கும் வந்துவிட்டது என்றாள். ஞாயிற்றுக்கிழமை மாடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பார்த்தார்கள், இவளும் நடுவில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் ஆளுக்கொரு மார்க் சொன்னார்கள்.

"எட்டு, ஒம்போதுன்னாங்க. என்னையும் கேட்டாங்க. நானும் எட்டுன்னேன்" என்றாள். "கதவாண்ட ரெண்டு பேருதான் இருந்தோம். நான் யாருக்கும் சொல்லல. அப்பவே தெரிஞ்சிகினேன் இத யாரு சொன்னதுன்னு."

அமுலு தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"புள்ளைய இன்னாத்துக்குடி எடுத்துட்ட?"

"இருந்தா என்னைத் திட்டுவாங்கன்னு."

பூங்காவனம் தலையை ஆட்டினாள், ஏதோ கணக்குக்கு விடை சரியாக வந்த மாதிரி. ஆற்றில் இறங்கினது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, அதைப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்தவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன் என்றாள். பிறகு, "கதவ சாத்தினதுக்கப்புறம் என்னையவே காட்டிகினு இருந்தாங்க. உள்ள அந்தத் தங்கச்சி இன்னா பண்ணான்னு காட்டவே இல்ல. அதத்தான் பாக்கணும்னு இருந்துச்சி எனக்கு" என்றாள்.

"அங்கியே நின்னுகினு இருந்தேன்க்கா. தாழ்ப்பாள புடிச்சிகினு. நீ போற சத்தம் கேட்டுச்சி. புள்ள அழுவுற சத்தம் தெருக்கோடி வரிக்கும் கேட்டுச்சி. தொறக்கல."

இதைச் சொன்ன பிறகு மற்றதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. பெண் கேட்டு வந்தவர்களை அம்மா திருப்பி அனுப்பிய அன்று தான் உள்ளே இருந்ததைச் சொன்னாள். ஊரில் யாரும் முகத்துக்கு நேரே சொல்லாததால், நிச்சயத்துக்கு முந்தின வாரம்தான் தரகர் வாயிலாகப் பூங்காவனத்துக்கு வலிப்புக் கதை தெரிந்திருந்தது, அதற்கப்புறம்தான் இருதயராஜுக்குச் சரி என்றாள். ஆனால் தங்கைக்கும் அது தெரியும் என்பது இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியாது. கேட்டதும் எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லாமலிருந்தும் அங்கேயே நின்றாள். லேத் பட்டறைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தின மிஷின்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட ஆரம்பித்தன. வெகு நேரம் கழித்து வெளியே வந்தவள், பரவாயில்லை என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி வந்தாள். பகல் பதினொரு மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி, தான் பிறந்து இருபத்தெட்டு வருஷம் நடந்த தெருவில் நடந்து வந்தாள். அமுலு மேட்டிலேயே காத்திருந்து கூட வந்தாள். வைவார்கள், கும்பலாகச் சேர்வார்கள் என்று பயந்திருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர், பூங்காவனத்துக்குச் சின்ன வயதில் பன் கொடுத்தவர், விருந்தாளியா அமுலு என்று கேட்டார். குடத்தைக் காட்டுகிறவள் குடத்தைக் காட்டினாள். பத்து வருஷம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்த ஒருத்தி எதிரே வந்து, ஒதுங்கி வழி விட்டு, புது ஆளைப் பார்க்கிற மரியாதையோடு சிரித்துவிட்டுப் போனாள். அப்போதுதான் அமுலுவுக்குப் புரிந்தது. ஊர் பூங்காவனத்தை மறக்கவில்லை. அவளுடைய சிரிப்பு, நடை, சண்டை எல்லாம் ஞாபகம் வைத்திருந்தது. ஆனால் அத்தனை ஞாபகத்துக்கும் இப்போது படத்தில் வந்தவளுடைய முகம்தான் இருந்தது. அந்த முகம் ஆற்றோடு போய்விட்டது. இந்த முகத்தை யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்குமா என்று அமுலு நினைத்து முடிக்கும் முன்னால் பூங்காவனம் கட்டிலருகே போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புருவத்துத் தழும்பைப் பார்த்தாள். அரிவாள்மனையில் விழுந்தபோது அதற்கு மஞ்சள் வைத்துக் கட்டினவள் அம்மாதான்.

"நீ யாரு கண்ணு?" என்றாள்.

அமுலு வாயைத் திறந்தாள். பூங்காவனம் அவளைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினாள். "கம்பெனியில கூட வேல செய்யறேன்மா" என்றாள்.

அம்மாவுக்கு யாராவது வந்தால் பேச வேண்டும். ஊரில் எல்லாரும் பேசுகிற படத்தைப் பார்த்தாயா என்று கேட்டாள், பார்த்தேன் என்றாள் பூங்காவனம். அதில் வருகிறது என் பெரிய பெண்தான், யாரிடமும் சொல்லாதே என்றாள் அம்மா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அமுலு ஒருத்தி அங்கே நிற்பதையே மறந்தவள் போல, பெண் கேட்டு வந்தவர்களைப் பற்றிச் சொன்னாள், வந்த பையனுடைய பெயரைச் சொன்னாள், அவன் அம்மா வெற்றிலைத் தட்டைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள், தான் சொன்ன பொய்யைச் சொன்னாள்.

"அவ சம்பளம் நின்னுடுமேன்னுதான் சொன்னேன். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் நானே நல்ல எடமா பாத்துக் கட்டி வெக்கலாம்னு இருந்தேன். பேச்சு பரவிடுச்சி. அவகிட்ட ஒரு வாட்டி சொல்லிட்டா போதும்னு கெடக்கறேன். அவதான் போயிட்டாளே."

பூங்காவனம் குனிந்து அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். "எங்கிட்ட சொன்னது அவகிட்ட சொன்ன மாதிரிதாம்மா" என்றாள்.

"அது எப்படி கண்ணு ஆவும்?" என்றாள் அம்மா. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாலு மணி பஸ்ஸுக்குப் பூங்காவனம் கிளம்பினாள். மேடு வரை அமுலு கூட நடந்தாள். ஆற்றுப் பக்கம் மணலில், அவள் செத்துப்போன இடத்தில், வெயிலில் வளையல்கள் மின்னிக்கொண்டு கிடந்தன. பூங்காவனம் ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்தாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அமுலு கேட்டாள். வேண்டாம் என்றாள் பூங்காவனம். சொன்னால் நம்பாது, நம்பினால் என் முகத்தையே அடையாளம் தெரியவில்லையே என்று அதற்கும் சேர்த்து அழும். மாதம் ஒரு தடவை கம்பெனிக்காரியாகவே வந்து போகிறேன் என்றாள்.

பஸ் வந்தது. பூங்காவனம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அமுலு கீழே நின்று அவளைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட புருவம், சற்றே மேலேறின மேலுதடு, காதுக்குப் பின்னால் ஒதுக்கின நரை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையாவது மறந்துவிட்டால் போய்க் கேட்பதற்கு இந்த ஊரில் வேறு ஆளில்லை. பஸ் நகர்ந்தது, ஜன்னல் வெயிலில் பளபளத்து முகத்தை மறைத்தது, அமுலு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள்.